பொய் மணியும் மெய்க் காரணமும்

"புலி வருது, புலி வருது" என்று விளையாட்டுக்குக் கூவிய மாட்டுக்காரப் பையனின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ் மாணவர் நம்மில் எவரும் இரார். மூன்றாம் முறை மெய்யாகவே புலி வந்தது, ஊரார் வரவில்லை. இக்காலத்தில் அந்தப் பையனுடைய வேலையை ஒரு சிறு மின்கருவி செய்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் அது விழித்திருந்து, யாரேனும் உட்புகுந்தால் சைரன் ஊதி, வீட்டுக்காரரின் கைப்பேசிக்கும் செய்தி அனுப்புகிறது. இதனைத் திருட்டு அபாய மணி என்கிறோம். புலி வராதபோதும் கூவுகின்ற குறை இதற்கும் உண்டு.

ஆயினும் ஒரு வேற்றுமையை இங்கே கவனிக்க வேண்டும். பையன் பொய் சொன்னான். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. தான் அளந்ததையே அது அறிவிக்கிறது. அது அளந்தது ஒன்று, நாம் பொருள் கொள்வது வேறொன்று. பொய் மணி இந்த இரண்டுக்கும் இடையே பிறக்கிறது. இதனை ஒரு பௌதிக மாணவன் என்ற முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சென்ற மே மாதம் தில்லியில் என் சித்தி வீட்டில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அந்த வீட்டில் பொய் மணியால் ஓர் ஏழைப் பெண்மணியின் பெயர் கெட இருந்தது. ஆதலின் இதனை வெறும் கருவிப் பழுது என்று தள்ளிவிட முடியவில்லை.

நடந்தது என்ன?

யமுனைக்குக் கிழக்கே, அடுக்கு வீடு ஒன்றின் மூன்றாம் மாடியில் சித்தி குடியிருக்கிறார். சித்தப்பா, சித்தி இருவரும் அலுவலகம் செல்பவர்கள். ஏப்ரல் மாதத்தில் அடுத்த கட்டடத்தில் பகலிலேயே ஒரு திருட்டு நடந்தது. அஞ்சிய சித்தப்பா அபாய மணி ஒன்றை வாங்கிப் பொருத்தச் செய்தார். மே மாதம் முதல் வாரத்தில் அது ஊதத் தொடங்கியது. வீட்டில் யாரும் இல்லாத பிற்பகல்களில், ஒரே வாரத்தில் ஐந்து முறை ஊதியது. ஒவ்வொரு முறையும் சித்தப்பா அலுவலகத்திலிருந்து ஓடிவந்து பார்த்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. பொருள் எதுவும் போகவில்லை.

கருவியைப் பொருத்தியவர் வந்து பார்த்தார். "கூருணர்வு அதிகமாக இருக்கிறது" என்று சொல்லி அதனைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு வாரங்களில் நான்கு முறை மட்டுமே ஊதியது. ஆனால் அதற்குள் மாடிப்படியில் பேச்சு எழுந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரை நாங்கள் 'தீதி' என்று அழைப்போம். வங்காளத்தில் மால்டா மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்தவர். ஆறு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார். சித்தி ஊருக்குப் போகும் நாட்களில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. "சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைக் கேளுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சித்தியும் மனம் கலங்கிச் சாவியை வாங்கிக்கொண்டு, "சில நாள் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் மணி ஒருமுறைகூட ஊதவில்லை! வேறு சான்று எதற்கு என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டனர். எனக்குத் தேர்வு முடிந்திருந்தது. "நீதான் பௌதிகம் படிக்கிறாயே, வந்து பாருடா" என்று சித்தி அழைத்தார். குரலில் நிம்மதி இல்லை. சனிக்கிழமையன்று சென்றேன்.

மேலே செல்லுமுன் கருவியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம்.

கதவைக் காக்கும் கருவி

கதவுக்கு மின்மணி வைக்கும் எண்ணம் பழையது. அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-ஆம் ஆண்டில் கதவைத் திறந்தால் மின்காந்தத்தால் அடிக்கும் மணி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எட்வின் ஹோம்ஸ் என்பவர் அவ்வுரிமையை 1857-இல் விலைக்கு வாங்கி, இதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார்.

இன்று கதவுச் சட்டத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாயும், கதவில் ஒரு காந்தமும் பொருத்துகிறார்கள். குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள் உள்ளன. காந்தம் அருகில் இருக்கும்வரை அவை ஒட்டியிருக்கும், மின்சாரம் ஓடும். கதவு திறந்தால் காந்தம் விலகும், தகடுகள் பிரியும், மின்சாரம் தடைப்படும், மணி ஊதும். இந்தக் குழாயை 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்டர் எல்வுட் கண்டுபிடித்தார்.

இதில் உள்ள நுட்பம் யாதெனில், மின்சாரம் ஓடுவது அமைதிக்கு அடையாளம், நிற்பது அபாயத்துக்கு அடையாளம் என்பதே. அப்போதுதான் திருடன் கம்பியை வெட்டினாலும் மணி ஊதும். ஆனால் இதே ஏற்பாட்டினால் தளர்ந்த திருகும், துருவேறிய முனையும், எலி கடித்த கம்பியும்கூடத் திருடனாகத் தோன்றும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிச் சரியாகச் சாத்தாமல் நின்றாலும், புழுதிக் காற்றில் தாழ்ப்பாள் ஆடினாலும் காந்தம் எட்ட விலகும். அப்போதும் அதே கதைதான்.

கூடத்தைக் காக்கும் கருவி

மற்றொன்று, கூடத்தின் மூலையில் வைக்கும் உணர்கருவி. இதைக் கடைக்காரர் 'மோஷன் சென்சார்' என்பார். அசைவை அறியும் கருவி என்று பெயர் பெற்றிருந்தாலும், உண்மையில் அது அசைவை அறிவதே இல்லை. அது வெப்பக் கதிரின் மாறுதலை அறிகிறது. பல குழப்பங்களுக்கு வேர் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் வெப்பம் ஏறியது. இவ்வாறு அறியப்பட்டதே அகச்சிவப்புக் கதிர். எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கேற்ப இக்கதிரை வீசிக்கொண்டே இருக்கின்றன. மனிதத் தோலின் வெப்பநிலையைச் சுமார் 34 டிகிரி செல்ஷியஸ் என்று கொண்டால், அது மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் வீன் விதிப்படி 9.4 மைக்ரான் ஆகும்.

இக்கதிரை உணர்வதற்கு ஒரு படிகம் வேண்டும். சில படிகங்களில் வெப்பநிலை மாறும்போது மின்னூட்டம் தோன்றுகிறது. டூர்மலின் என்னும் கல்லை டச்சு வணிகர் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றபோது, சூடேறிய அக்கல் சாம்பலை இழுப்பதைக் கண்டு வியந்தனர். 1824-இல் டேவிட் புரூஸ்டர் இப்பண்புக்கு 'பைரோ மின்சாரம்' என்று பெயரிட்டார். நம் வீட்டு உணர்கருவியில் இத்தகைய பொருளால் ஆன இரண்டு சிறு துண்டுகள் எதிரெதிர் முறையில் இணைக்கப்பட்டுள்ளன. அறை முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு சூடான பொருள் குறுக்கே போனால், முதலில் ஒரு துண்டும் பின்னர் மற்றதும் உணர்வதால் மின்னழுத்தம் ஏறி இறங்கும்.

கருவியின் முன்புறம் பால் வெள்ளையாகத் தோன்றும் பிளாஸ்டிக் மூடியைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் மூடியன்று. பல சிறு வில்லைகளின் தொகுதி. கலங்கரை விளக்குக்காக ஃபிரெனல் வகுத்த வில்லையின் வழிவந்தது. அது அறையைப் பல விரற்பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒரு சூடான பொருள் ஒரு பட்டையிலிருந்து மறு பட்டைக்குத் தாண்டும்போதுதான் படிகம் விழித்துக்கொள்கிறது.

தில்லி வெயிலும் ஒரு கணக்கும்

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொருள் வீசும் கதிராற்றல் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி. எல்லாவற்றையும் கரும்பொருள் என்றே கொண்டால், 34 டிகிரியில் உள்ள தோல் ஒரு சதுர மீட்டருக்கு 504 வாட் வீசுகிறது. ஜனவரி மாதத்தில் 15 டிகிரியில் உள்ள சுவர் 390 வாட் வீசுகிறது. வேற்றுமை 114 வாட். திருடன் பளிச்சென்று தெரிவான்.

மே மாதப் பிற்பகலில் சித்தி வீட்டுச் சுவரின் வெப்பநிலை 36 டிகிரி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அனுமதி பெற்றுக் கொண்டுசென்ற வெப்பமானியால் நானே அளந்தேன். அத்தகைய சுவர் 517 வாட் வீசும். தோலுக்கும் சுவருக்கும் வேற்றுமை 13 வாட்டே! அதாவது, தில்லிக் கோடையில் மனிதன் சுவரோடு சுவராகக் கலந்துவிடுகிறான். மேற்குச் சன்னலில் வெயில் பட்டுத் தொங்கிய திரைச்சீலையையும் அளந்தேன்: 48 டிகிரி. அது வீசுவது 602 வாட். சுவரைவிட 85 வாட் அதிகம். கருவியின் பார்வையில் அங்கே மனிதனைக் காட்டிலும் திரைச்சீலையே பெரிய ஆள்.

இப்போது 'கூருணர்வைக் குறைத்தல்' என்ற மருந்தின் தன்மை விளங்கும். கருவியைச் சோதனை நிலையில் வைத்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்குச் சித்தப்பாவைக் கூடத்தின் குறுக்கே மெல்ல நடக்கச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. மறுபடியும் நடந்தார், எரியவில்லை. திரைச்சீலையை மட்டும் கையால் ஓர் அசைப்பு அசைத்தேன், எரிந்தது. பணம் கொடுத்து வாங்கிய காவலாளி வீட்டுக்காரரையே காணாமல், திரைச்சீலையைக் கண்டு கூவிக்கொண்டிருந்தான்.

நாட்குறிப்பு சொன்ன சாட்சி

நிற்க. நான் முதலில் செய்தது இந்தச் சோதனையன்று. தலைமைப் பெட்டியின் நினைவில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் நேரத்தோடும் பகுதி எண்ணோடும் பதிவாகியிருக்கும். அதனை யாரும் அதுவரை திறந்து பார்க்கவில்லை. ஒரு தாளில் எழுதினேன். ஒன்பது மணிகளும் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாட்களில் பிற்பகல் 2-40-க்கும் 4-10-க்கும் இடையே நேர்ந்திருந்தன. ஒன்பதும் பகுதி 3, அதாவது கூடம். பகுதி 1, அதாவது வாயிற்கதவு, அந்நேரங்களில் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. சன்னலுக்கோ இரும்புக் கம்பி உண்டு.

சாவி வைத்திருப்பவர் கதவின் வழியாகத்தானே வரவேண்டும்? கதவைத் திறக்காமல் கூடத்தில் நிற்க எவராலும் இயலாதே! ஒருவேளை கதவுக் கருவி பழுதோ என்று இருபது முறை திறந்து மூடிப் பார்த்தேன். இருபதும் பதிவாயின. தீதியின் மேல் விழுந்த பழி அந்தத் தாளிலேயே தீர்ந்துவிட்டது. அந்தப் பதிவு மூன்று வாரமாகச் சுவரிலேயே இருந்தது.

ஆயினும் "அப்படியானால் அவள் நின்றதும் மணி ஏன் நின்றது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கேள்வி நியாயமானதே. உண்மைக் காரணத்தைக் காட்டினாலன்றி ஐயம் அகலாது.

தீதி வேலை செய்யும் முறையைச் சித்தியிடம் கேட்டறிந்தேன். காலை எட்டு மணிக்கு வருவார். பினாயில் விட்டுத் தரையைத் துடைப்பார். நெடி போவதற்காக மேற்குச் சன்னலைத் திறந்து வைத்துத் திரைச்சீலையை இழுத்துவிடுவார். அவ்வாறு செய்யும்படி சொன்னவர் சித்தியே. பிறகு எல்லாரும் ஒன்றாகவே கிளம்புவார்கள். தீதி வராத வாரத்தில் தரை துடைக்கவும் இல்லை; சன்னல் திறக்கவும் இல்லை.

திங்கள் முதல் ஐந்து நாள் சோதனை நடத்தினேன். அண்டை வீட்டாருக்குத் தொல்லையின்றிச் சைரனின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பேசிச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டேன். எந்த நாளிலும் தீதி வரவில்லை.

திங்கள்: சன்னல் அடைப்பு, திரை தொங்கியது. மணி இல்லை.
செவ்வாய்: சன்னல் திறப்பு, திரை தொங்கியது. 3-05-க்கு மணி.
புதன்: சன்னல் திறப்பு, திரை கட்டப்பட்டது. மணி இல்லை.
வியாழன்: சன்னல் அடைப்பு, திரை தொங்கியது. மணி இல்லை.
வெள்ளி: சன்னல் திறப்பு, திரை தொங்கியது. 3-20-க்கு மணி.

தில்லிக் கோடையில் வீசும் 'லூ' என்னும் அனற்காற்று திறந்த சன்னல் வழியே வந்து, வெயிலில் காய்ந்த திரைச்சீலையைக் கூடத்துக்குள் பாய்மரம் போல் உப்பச் செய்தது. அது ஒரு பட்டையிலிருந்து மறு பட்டைக்குத் தாண்டியது. கருவி தன் கடமையைச் செய்தது. மேற்கு வெயில் இரண்டரை மணிக்கு மேல்தான் அந்தச் சன்னலுக்கு வரும், நேரமும் பொருந்திவிட்டது. தீதிக்கும் மணிக்கும் தொடர்பு இருந்தது மெய்யே. ஆனால் அத்தொடர்பு சன்னல் வழியாக வந்தது. சாவி வழியாக வரவில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாக வருவதைக் கண்டு ஒன்றை மற்றதன் காரணம் என்று முடிவு கட்டுவது எவ்வளவு எளிய பிழை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் கற்கவில்லை.

மணி ஊதினால் திருடன் என்று பொருளா?

மற்றொரு கணக்கையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். ஒரு வீட்டில் ஆயிரம் நாளுக்கு ஒரு முறை திருடன் வருவதாக வைத்துக்கொள்வோம். கருவி திருடனைத் தவறவிடாது. ஆனால் இருபது நாளுக்கு ஒருமுறை வீணாக ஊதும் என்றும் கொள்வோம். ஆயிரம் நாளில் வீண் மணி சுமார் 50. மெய் மணி 1. ஆகவே மணி ஊதும்போது திருடன் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. கருவி நல்லதாக இருந்தும் நிலைமை இது. காரணம், திருட்டு அரிது என்பதே. மணி ஊதிய அளவிலேயே ஒருவரைக் குற்றவாளி என்பது கணக்குக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது. வீண் மணி ஊதியபடியே இருந்தால் வீட்டுக்காரர் சலித்துப்போய்க் கருவியையே அணைத்துவிடுவார். அதன்பின் அந்த ஒரு மெய் மணியும் ஊதாது.

செய்ய வேண்டுவன

உங்கள் வீட்டிலோ, நீங்கள் தங்கியிருக்கும் உறவினர் வீட்டிலோ இத்தொல்லை நேர்ந்தால் கீழ்க்கண்ட வரிசையில் ஆராய்க.

1. நாட்குறிப்பை முதலில் பாருங்கள். எந்தப் பகுதி, எந்த நேரம், அப்போது வெயிலா, காற்றா, மின்தடையா என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

2. மின்தடையோடு மணி ஒத்துப்போனால் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பாட்டரியைச் சோதியுங்கள். நன்கு மின்னேறி ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. வெப்பமான இடத்தில் அது விரைவில் மூப்படையும். நலிந்த பாட்டரி மின்தடையின்போது நொடிப்பொழுது தாழ்ந்தால், உணர்கருவியின் தொடர்பு விடுபட்டு, அபாயம் என்றே பதிவாகும்.

3. கதவுப் பகுதியானால் காந்தத்தின் இடைவெளி, தளர்ந்த கீல், திருகு, கம்பி முனை ஆகியவற்றைப் பாருங்கள். கம்பி, வீட்டு மின்கம்பியோடு ஒட்டி நெடுந்தூரம் ஓடினால் பிரித்துவிடுங்கள்.

4. கூடப் பகுதியானால் கருவி எதைப் பார்க்கிறது என்று அதன் இடத்தில் நின்று நீங்களே பாருங்கள். வெயில் படும் சன்னல், திரைச்சீலை, ஏர்கூலர், அடுப்பு ஆகியவை அதன் எதிரே இருத்தல் ஆகாது.

5. மூடியைத் துடையுங்கள். சிலந்தியும் பல்லியும் அங்கே குடியேற விரும்பும். 20 செ.மீ. தொலைவில் ஓடும் 10 செ.மீ. பல்லி, 340 செ.மீ. தொலைவில் நிற்கும் 170 செ.மீ. மனிதனுக்கு ஒப்பான கோணத்தை அடைத்துக்கொள்கிறது. கம்பி நுழையும் துளையையும் அடைத்துவிடுங்கள்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் பழைய நிலைக்குத் திருப்பி, தொல்லை திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

7. கூருணர்வைக் குறைப்பது கடைசி வழி. குறைத்தால், கோடைப் பிற்பகலில் கூடத்தில் நடந்து பார்த்து, மனிதனைக் கருவி காண்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வெப்பக் கதிரோடு நுண்ணலையையும் சேர்த்து, இரண்டும் ஒத்தால்தான் ஊதும் இருமுறைக் கருவிகளும் கிடைக்கின்றன.

சித்தி வீட்டில் செலவு ஒன்றும் ஆகவில்லை. கருவியைக் கழற்றிச் சன்னல் இருக்கும் சுவரிலேயே, 2.2 மீட்டர் உயரத்தில், கூடத்துக்குள் நோக்குமாறு பொருத்தினோம். வாயிலிலிருந்து உள்ளறைக்குச் செல்பவர் இப்போது அதன் எதிரே நேராக வாராமல் குறுக்கே போவார். குறுக்கே போவதைத்தான் அது நன்கு காணும். கூருணர்வைப் பழைய அளவுக்கு உயர்த்தினோம். சித்தப்பா நடந்தார், விளக்கு எரிந்தது. அதன்பின் வீண் மணி இல்லை.

முடிவு

சனிக்கிழமை மாலை சித்தி என்னையும் அழைத்துக்கொண்டு தீதியின் வீட்டுக்குச் சென்றார். என் தாளைக் காட்டி, தாம் செய்தது பிழை என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். தீதி தாளை வாங்கிப் பார்க்கவில்லை. வேறொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், மாடிப்படியில் பேச்சைக் கேட்டவர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்றும் மட்டும் கூறினார். சித்தி அன்றிரவே நான்கு வீடுகளிலும் ஏறிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் என் தாளை வாங்கி இருமுறை படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். தீதி திரும்பி வரவில்லை. ஆறாண்டுப் பழக்கத்தை மூன்று வாரத்து மணி முறித்துவிட்டது. கருவியைச் சீர்படுத்த எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. மற்றதைச் சீர்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

நாமும் பிழைப்பையும் படிப்பையும் நாடிப் பிற மாநிலத்துக்கு வந்தவர்களே. ஒரு பொருள் காணாமற்போனால் வெளியூரார் மீதே முதற்கண் விழுவதை விடுதிகளில் நம்மிற் சிலர் அறிவோம். ஆதலின் நண்பர்களே, மணி ஊதும்போது யார் என்று கேட்பதற்கு முன், எந்தப் பகுதி, எத்தனை மணி, அப்போது சன்னல் திறந்திருந்ததா என்று கேட்போமாக. நாம் கற்கும் விஞ்ஞானம் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் வருவதற்கு இது ஒரு சிறு வழி.